மார்ஷல் விரியலாக்கி: ஓர் இசைக்கருவியின் வரலாறு

கருவிகளின் வரலாற்றை ஆராயப் புகுவோர் பெரும்பாலும், அவற்றைப் படைத்தவர் யார், படைத்த ஆண்டு யாது என்னும் இரு வினாக்களுக்கு விடை கண்டவுடன் அமைதியுறுவர். ஆயினும், ஒரு கருவி ஒருவர் கையில் ஒரே நாளிற் பிறத்தல் அரிது. முன்னவர் ஒருவர் செய்ததைப் பார்த்துப் பின்னவர் செய்ய, அதனைக் கையாள்வோர் குறை கூற, அக்குறையை நீக்க முயலுங்கால் எதிர்பாராத வேறொரு குணம் தோன்ற, இவ்வாறே பல கருவிகள் உருப்பெற்றன. இவ்வுண்மைக்கு அண்மைக் காலத்து எடுத்துக்காட்டாக விளங்குவது, இங்கிலாந்தில் 1962 ஆம் ஆண்டிற் பிறந்த மார்ஷல் விரியலாக்கியாகும். பிறர் கருவியின் படி என அது இகழப்பட்டதுமுண்டு. ஒரு தலைமுறையின் இசைக்கே குரல் கொடுத்தது எனப் புகழப்பட்டதுமுண்டு. இவ்விரண்டனுள் எது பொருந்தும் என்பதனையும், அக்கருவியின் புகழ் யார் யாரைச் சாரும் என்பதனையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் விரியலாக்கியின் தொழில் யாது என அறிதல் வேண்டும். வீணையின் தந்தி தனித்து எழுப்பும் ஒலி மெல்லியது. குடமே அதற்கு நிறைவும் நிறமும் தருகிறது. மின்கிற்றாரிலோ குடம் இல்லை. உருக்குத் தந்தி ஒரு காந்தத்தின் முன் அதிரும்பொழுது, அக்காந்தத்தைச் சுற்றியுள்ள கம்பிச் சுருளில் மிகச் சிறிய மின்னோட்டம் தோன்றுகிறது. அம்மின்னோட்டத்தை வெற்றிடக் குழாய்களின் வாயிலாகப் பன்மடங்கு பெருக்கி ஒலிபெருக்கிக்கு அளிப்பதே விரியலாக்கியின் தொழில். ஆகவே, மின்கிற்றாருக்கு விரியலாக்கி ஒரு துணைப்பொருள் அன்று. கருவியின் மறுபாதியே அது. வீணைக்குக் குடம் எத்தகையதோ, மின்கிற்றாருக்கு விரியலாக்கியும் அத்தகையதே.

இக்கருவிக்குத் தம் பெயரை அளித்த ஜேம்ஸ் சார்ல்ஸ் மார்ஷல் 1923 ஆம் ஆண்டு யூலை 29 ஆம் நாள் இலண்டன் மாநகரிற் பிறந்தவர். ஜிம் மார்ஷல் என்றே உலகம் அவரை அறியும். இளமையில் எலும்புருக்கி நோய்க்கு ஆளாகிய அவர், பிள்ளைப் பருவத்தின் பெரும்பகுதியை வைத்தியசாலையிற் சாந்துக் கட்டினுள் கழித்தார். பள்ளிக் கல்வி பெரிதும் வாய்க்கவில்லை. உடல்நலங் குன்றியிருந்தமையால் இரண்டாம் உலகப் போரிற் படைச் சேவைக்கு அவர் அழைக்கப்படவில்லை. அக்காலத்தில் நடனக் குழுக்களிற் பாடகராகவும், பின்னர் மேளம் முழக்குபவராகவும் விளங்கினார். குழுவின் ஓசைக்கு மேலாகத் தம் குரல் கேட்க வேண்டும் என்பதற்காகச் சிறியதோர் ஒலிபெருக்கி அமைப்பைத் தாமே செய்துகொண்டார். போர்க்காலத்திற் பெற்றோல் கிடையாமையால், அவ்வமைப்பையும் மேளங்களையும் துவிச்சக்கரவண்டியின் பின்னே இணைத்த சிறு வண்டியில் ஏற்றிச் சென்று இசை நிகழ்ச்சிகளில் பங்குபற்றினார் என்பர். ஒலி பிறர் செவிக்கு எட்டுதல் வேண்டும் என்னும் கவலை, அவர் வாழ்வின் தொடக்கத்திலேயே குடிகொண்டிருந்தமையை இதனால் உணரலாம்.

போருக்குப் பின்னர் அவர் மேள ஆசிரியரானார். அவரிடம் பயின்றோருள் பிற்காலத்தில் ஜிமி ஹென்றிக்ஸின் குழுவிற் புகழ்பெற்ற மிச் மிற்செல்லும் ஒருவர். கற்பித்து ஈட்டிய பொருளைச் சேமித்து, 1960 ஆம் ஆண்டில் மேற்கு இலண்டனைச் சார்ந்த ஹன்வெல் என்னுமிடத்தில், அக்ஸ்பிறிட்ஜ் வீதியின் 76 ஆம் இலக்கத்தில் ஓர் இசைக்கருவிக் கடையைத் திறந்தார். முதலில் மேளங்களே அங்கு விற்கப்பட்டன. மேளம் வாங்க வந்தவர்கள் தம்முடன் கிற்றார் வாசிக்கும் நண்பர்களையும் அழைத்து வந்தனர். பீற் ரவுண்சென்ட், றிச்சி பிளாக்மோர், பிக் ஜிம் சலிவன் முதலியோர் அங்ஙனம் வந்தவராவர். இலண்டன் நகரின் நடுவேயிருந்த பெரிய கடைகள் இளைஞரின் புதிய இசையை மதித்தில. அவ்விசையை வாசிப்போரையும் மதித்தில. ஹன்வெல் கடையிலோ அவர்கள் அமர்ந்து வாசிக்கவும், தம் மனக்குறையைச் சொல்லவும் இடமிருந்தது. மாணாக்கர் சொல்வதைக் கேட்டுப் பழகிய ஆசிரியர் ஒருவர் வணிகரானமையால் விளைந்த நன்மை இதுவாகும்.

அவ்விளைஞர்தம் மனக்குறை யாது? அமெரிக்கக் கருவிகளின் இறக்குமதிக்கு இங்கிலாந்தில் இருந்த கட்டுப்பாடு 1950களின் இறுதியிலேயே நீங்கியது. நீங்கிய பின்னரும், கலிபோர்ணியாவில் லியோ பெண்டர் செய்த விரியலாக்கிகளின் விலை இளைஞர் கைக்கு எட்டாததாகவே இருந்தது. உள்நாட்டில் டாட்வேட் நகரத்து வொக்ஸ் நிறுவனத்தின் ஏ.சி.30 என்னும் சிறந்த விரியலாக்கி இருந்தது. ஷாடோஸ் குழுவினர் அதனைப் புகழ்பெறச் செய்திருந்தனர். எனினும் அதன் தெளிந்த, மணியொத்த ஓசையினும் தடித்ததும் முரட்டுத்தன்மை வாய்ந்ததுமான ஓர் ஓசையையே ஹன்வெல் இளைஞர் விரும்பினர். அத்தகைய கருவியைக் குறைந்த விலையிற் செய்து தருமாறு அவர்கள் ஜிம் மார்ஷலை வற்புறுத்தினர்.

இங்கே வரலாற்றில் மறைந்து கிடக்கும் இருவரை நினைவுகூர்தல் கடமையாகும். ஜிம் மார்ஷல் மின்னியல் வல்லுநர் அல்லர். அவர் கடையிற் கருவிகளைப் பழுதுபார்த்து வந்தவர் கென் பிறான். இலத்திரனியலிற் கைதேர்ந்த மற்றொருவர் டட்லி கிறேவன், ஈ.எம்.ஐ. நிறுவனத்திற் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த அவருக்கு அப்போது வயது 18 அளவே. இவ்விருவருமே பெண்டர் நிறுவனத்தின் பேஸ்மன் என்னும் விரியலாக்கியை மாதிரியாகக் கொண்டு புதிய கருவியை உருவாக்க முனைந்தனர். ஒன்றன்பின் ஒன்றாக முன்மாதிரிகள் செய்யப்பட்டன. ஆறாவது முன்மாதிரியைக் கேட்டபோதே, தாம் தேடிய ஓசை இதுவென ஜிம் மார்ஷல் ஏற்றுக்கொண்டார். ஐந்தினைத் தள்ளி ஆறாவதனை ஏற்ற அச்செவியும், ஆறினையும் செய்த அக்கைகளும் ஒருங்கு சேர்ந்தே 1962 ஆம் ஆண்டில் முதல் மார்ஷல் விரியலாக்கியைத் தோற்றுவித்தன.

அது ஜே.ரி.எம்.45 எனப் பெயர் பெற்றது. ஜிம், அவர் மகன் ரெறி, மார்ஷல் என்னும் பெயர்களின் முதலெழுத்துக்களும், உவாற்றிற் கூறிய வலுவும் சேர்ந்த பெயர் அது. அதன் மின்சுற்று பேஸ்மன் சுற்றையே பெரிதும் ஒத்தது. இதனை மறைத்தலால் ஒரு பயனும் இல்லை. ஆயினும் சில வேறுபாடுகள் உள. பேஸ்மன் கருவியில் முதலிடத்திருந்த வெற்றிடக் குழாய்க்குப் பதிலாக, அதனினும் மிகுதியாகப் பெருக்கவல்ல ஈ.சி.சி.83 என்னும் குழாய் இதில் அமைந்தது. உயர்ந்த மீடிறன்களை மிகுவிக்கும் வகையிற் சுற்றிற் சிறு மாற்றம் செய்யப்பட்டது. பெண்டர் கருவியில் விரியலாக்கியும் 10 அங்குல ஒலிபெருக்கிகள் நான்கும் பின்புறந் திறந்த ஒரே பெட்டியுள் இருந்தன. மார்ஷல் கருவியிலோ விரியலாக்கி தனியே நின்றது. 12 அங்குலச் செலெஸ்ரியன் ஒலிபெருக்கிகள் நான்கு, பின்புறம் மூடிய வேறொரு பெட்டியுள் அமைந்தன. திறந்த பெட்டியின் ஓசை நாற்புறமும் பரவும். மூடிய பெட்டியின் ஓசை முன்னோக்கித் திரண்டு பாயும். அமெரிக்கப் பொருள்கள் விலைமிகுந்து, உள்நாட்டுப் பொருள்கள் எளிதிற் கிடைத்தமையும் இம்மாற்றங்கள் சிலவற்றுக்குக் காரணமாகும். வறுமையும் ஒருவகை ஆசானே.

இம்மாற்றங்களின் பயனை விளக்க, பௌதிகவியல் மாணவர் அறிந்த ஓர் உண்மையைக் கூறுவாம். ஒவ்வொரு வெற்றிடக் குழாய்க்கும் பெருக்கும் ஆற்றலில் ஓர் எல்லை உண்டு. உள்வரும் அலையின் வீச்சம் அவ்வெல்லையைக் கடக்குமாயின், வெளிவரும் அலையின் முடியும் அடியும் மழுங்கித் தட்டையாகும். அப்போது மூல ஓசையில் இல்லாத மேற்சுரங்கள் புதியனவாகத் தோன்றும். பொறியியலார் இதனைத் திரிபு என்பர். வானொலிக்கும் இசைத்தட்டுக்கும் கருவி செய்வோர் இத்திரிபை நீக்குதற்கே முயன்றனர். பெண்டரும் தெளிந்த ஓசையையே இலக்காகக் கொண்டிருந்தார். மார்ஷல் கருவியோ, முன்னிலைக் குழாயின் பெருக்கம் மிகுந்திருந்தமையால், ஒலிக் குமிழைச் சிறிது திருப்பியவுடனேயே இத்திரிபுக்கு உள்ளாயிற்று.

நூலாசிரியர் குறை என்றதனை இளைஞர் குணமெனக் கொண்டனர். திரிபுற்ற அலையில் மேற்சுரங்கள் செறிந்திருத்தலால் ஓசை தடிப்புறுகின்றது. மேலும், மீட்டிய கணத்து எழுந்து உடனே தேய்ந்தழியும் தந்தியின் நாதம், இங்கு நெடுநேரம் நின்று ஒலிக்கின்றது. கிற்றார் அதுகாறும் தாளத்துக்குத் துணை நிற்கும் மீட்டுக் கருவியாகவே பெரிதும் மதிக்கப்பட்டது. இப்போதோ வில்லால் இழைக்கும் கருவி போலவும், மிடற்றுப் பாடல் போலவும் நீண்டு இசைக்கும் ஆற்றலைப் பெற்றது. ஒரு குறையினின்று ஒரு குரல் பிறந்தது என்க. அக்குறையைக் குறையென்று மட்டும் நோக்கித் திருத்தியிருப்பாராயின், இவ்வரலாறே நிகழ்ந்திராது.

கடையின் பின்னறையிற் கருவி செய்தல் போதாதாயிற்று. 1964 ஆம் ஆண்டில் ஹேயிஸ் என்னுமிடத்தில் ஒரு தொழிற்சாலை அமைந்தது. அக்காலத்தில் எரிக் கிளப்ரன் என்னும் இளைஞர், தம் மோட்டார் வண்டியின் பின்பெட்டிக்குள் அடங்குமாறு, விரியலாக்கியும் ஒலிபெருக்கியும் ஒன்றாயமைந்த கருவி வேண்டுமெனக் கேட்டார் என்பர். அவ்வாறு செய்யப்பட்டதே 1962 என்னும் எண் பெற்ற வகையாகும். ஜோன் மேயோல் குழுவினருடன் கிளப்ரன் அக்கருவியைக் கொண்டு வாசித்த இசைத்தட்டு 1966 இல் வெளிவந்தது. ஒலிப்பதிவுக் கூடத்தில் ஓசையைத் தாழ்த்தி வாசிக்கும் வழக்கத்தைக் கைவிட்டு, அரங்கில் வாசிக்கும் அளவிலேயே அவர் வாசித்தார். குழுவின் பெயர் கருவிக்கும் ஆகி, புளூஸ் பிறேக்கர் என அவ்வகை வழங்கலாயிற்று.

ஈண்டு ஒரு மயக்கம் நீங்குதல் வேண்டும். 1959, 1962, 1987 என வரும் மார்ஷல் வகைகளின் எண்கள் ஆண்டுகள் அல்ல. விற்பனைப் பட்டியல் எண்களே. 1959 என்னும் வகை 1965 அளவிலேயே தோன்றியது. 1987 என்னும் வகையும் அறுபதுகளிற் பிறந்ததே. இவ்வெண்களை ஆண்டெனக் கொள்வோர் வரலாற்றைத் தலைகீழாக்கிவிடுவர்.

அடுத்த மாற்றம் பீற் ரவுண்சென்டின் வேண்டுகோளால் விளைந்தது. த ஹூ என்னும் குழுவைச் சேர்ந்த அவரும் அக்குழுவின் ஜோன் என்ற்விசிலும், பெருங் கூட்டத்தின் ஆரவாரத்தை மேற்செல்லும் வலுவை நாடினர். பிறானும் கிறேவனும் வெளியீட்டுக் குழாய்களை இரண்டினின்று நான்காக்கி, 1965 இல் 100 உவாற்று விரியலாக்கியைச் செய்தளித்தனர். எட்டு ஒலிபெருக்கிகளைக் கொண்ட ஒற்றைப் பெட்டி முதலிற் செய்யப்பட்டது. அதனைத் தூக்கிச் செல்வோர் படும் பாட்டைக் கண்டபின், அஃது இரண்டாகப் பகுக்கப்பட்டு ஒன்றன்மேல் ஒன்று அடுக்கப்பட்டது. உச்சியில் விரியலாக்கியும் அதன்கீழ் இரு பெட்டிகளும் அடுக்காய் நிற்கும் அக்காட்சி, பின்னாளில் றொக் இசை மேடைக்கே அடையாளமாயிற்று. சுமப்போரின் தோள்நோவும் ஒரு கருவியின் வடிவை வகுக்கும் என்பதற்கு இது சான்று.

1966 ஆம் ஆண்டின் இறுதிப் பகுதியில் அமெரிக்காவினின்று இலண்டன் வந்த ஜிமி ஹென்றிக்ஸை, முன்னர் அக்கடையிற் பணிபுரிந்தவரும் மார்ஷலின் மாணவருமான மிச் மிற்செல் அழைத்துச் சென்று அறிமுகஞ் செய்தார். ஹென்றிக்ஸின் முழுப்பெயரும் ஜேம்ஸ் மார்ஷல் ஹென்றிக்ஸ் என்பது வியப்புக்குரியதோர் ஒற்றுமை. அவர் கருவிகளை இலவசமாகக் கேட்கவில்லை; முழு விலை கொடுத்தே வாங்குவதாகவும், தாம் செல்லும் நாடெங்கும் பழுதுபார்க்கும் வசதியே வேண்டுமெனவும் கூறினார் என மார்ஷல் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். 1969 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் வூட்ஸ்ரொக் விழா மேடையில் ஹென்றிக்ஸின் பின்னே நின்றவை மார்ஷல் அடுக்குகளே. ஓசையின் திரிபும், விரியலாக்கியும் கிற்றாரும் ஒன்றையொன்று தூண்டி எழுப்பும் ஊளையும் அவர் கையில் இசையின் உறுப்புகளாயின.

புகழ் வளர்ந்த அக்காலத்திலேயே வணிகத்தில் ஓர் இடர் நேர்ந்தது. 1965 இல் றோஸ் மொறிஸ் என்னும் விநியோக நிறுவனத்துடன் 15 ஆண்டு ஒப்பந்தம் ஒன்றை மார்ஷல் செய்துகொண்டார். தொழிலை விரிவாக்குதற்கு வேண்டிய முதல் அதனாற் கிடைத்தது. ஆயினும் ஏற்றுமதிக் கருவிகளின் விலையில் அந்நிறுவனம் 55 வீதம் கூட்டியமையால், உலகச் சந்தையிற் பல்லாண்டுகள் பின்னடைவு ஏற்பட்டதென்றும், அவ்வொப்பந்தமே தம் பெரும் பிழையென்றும் மார்ஷல் பின்னர் வெளிப்படையாகக் கூறினார். அதற்கு முன் தம் கருவிகளை விற்றுவந்த நண்பரைக் கைவிட மனமின்றி, பார்க் என்னும் வேறு பெயராலும் அவர் விரியலாக்கிகளைச் செய்தளித்தார். உள்ளே மார்ஷல், வெளியே பார்க் என அவை விளங்கின.

இனி, பின்வந்த வகைகளைச் சுருங்கக் கூறுவாம். 1966 அளவில் கே.ரி.66 என்னும் வெளியீட்டுக் குழாய்க்குப் பதிலாக ஈ.எல்.34 புகுந்தது; இன்று மார்ஷல் ஓசை எனப் பலரும் கருதும் கடுமையும் கூர்மையும் இதனாலேயே மிகுந்தன. அக்காலத்துக் கருவிகளின் முகப்பு பொன்னிறப் பிளெக்சிக்கிளாசினால் ஆயதாகலின், பிளெக்சி என அவற்றை அழைப்பர். 1969 இல் உலோக முகப்பு வந்தது. இக்கருவிகளிலெல்லாம் ஒரு தொல்லை இருந்தது: விரும்பிய திரிபைப் பெற வேண்டுமாயின் ஒலியை ஏறத்தாழ உச்சத்துக்கு உயர்த்துதல் வேண்டும். சிறிய மண்டபத்துக்கு அது பொருந்தாது. 1975 இல் வந்த 2203 என்னும் வகையில், முன்னிலைக் குழாய்களின் பெருக்கத்துக்கு ஒரு குமிழும், வெளிவரும் ஓசையின் அளவுக்கு வேறொரு குமிழும் அமைக்கப்பட்டன. இதனால் ஓசையைத் தாழ்த்தியும் திரிபைப் பெறலாயிற்று. றோஸ் மொறிஸ் ஒப்பந்தம் முடிந்தபின் 1981 இல் வெளிவந்த ஜே.சி.எம்.800 இதன் வழித்தோன்றலே. ஜேம்ஸ் சார்ல்ஸ் மார்ஷல் என்னும் பெயரின் முதலெழுத்துக்களும் அவருடைய மோட்டார் வண்டியின் இலக்கமும் அப்பெயரில் அடங்கின. வெள்ளி விழா வகை 1987 இலும், ஜே.சி.எம்.900 அதனையடுத்து 1990 இலும் வந்தன.

திரான்சிற்றர் வந்தபின் வெற்றிடக் குழாய் வானொலியிலிருந்தும் தொலைக்காட்சியிலிருந்தும் மறைந்தது. கிற்றார் விரியலாக்கியில் மட்டும் அது மறையவில்லை. எல்லையைக் கடக்குங்கால் திரான்சிற்றர் அலையைச் சட்டென வெட்டிவிடும். குழாயோ படிப்படியாக மழுங்கச் செய்யும். இவ்வேறுபாட்டைச் செவி எளிதில் அறியும். பிளெச்லி நகரத்துத் தொழிற்சாலையில் மார்ஷல் நிறுவனம் குழாய்க் கருவிகளைத் தொடர்ந்து செய்து வந்தது. 1984 இல் ஏற்றுமதிக்கான அரசியார் விருது அதற்குக் கிடைத்தது. ஜிம் மார்ஷல் 2012 ஆம் ஆண்டு ஏப்ரல் 5 ஆம் நாள் தம் 88 ஆம் வயதில் மறைந்தார். 2023 இல், மார்ஷல் பெயரிற் செவிக்கருவிகளை உரிமம் பெற்றுச் செய்துவந்த சுவீடன் நாட்டுச் சவுண்ட் நிறுவனம் விரியலாக்கி நிறுவனத்தையும் தன்னுடன் இணைத்துக்கொண்டது. 2025 இல் அக்குழுமத்தின் பெரும்பங்கு, 110 கோடி யூரோ மதிப்பில், சீன முதலீட்டாளர் தலைமையிலான கூட்டத்தாரிடஞ் சென்றது. ஹன்வெல் கடையில் தொடங்கிய பெயர் இன்று விரியலாக்கியைக் கண்டறியாதோர் செவியிலும் தொங்குகிறது.

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாக்களுக்கு வருவாம். மார்ஷல் விரியலாக்கி பிறர் கருவியின் படியா? தொடக்கத்திற் படியே. ஆனால், லியோ பெண்டரின் தொடக்ககாலச் சுற்றுக்களும், குழாய் உற்பத்தி செய்வோர் வெளியிட்ட மாதிரிச் சுற்றுக்களைத் தழுவி எழுந்தனவே. பார்த்துச் செய்தல் இழுக்கன்று. பார்த்ததோடு நின்றுவிடுதலே இழுக்கு. பேஸ்மன் ஒரு பொறியியலாளரின் விடை. அதே சுற்று, ஹன்வெல் இளைஞரின் வேறொரு வினாவுக்கு விடையாகியபோது வேறு கருவியாயிற்று. வினா புதிதாயின் விடையும் புதிதே.

புகழுக்குரியார் யார்? முகப்பிற் பொறித்த பெயர் ஒன்று; உள்ளே உழைத்த கைகள் பல. சுற்றை அமைத்த பிறானையும் கிறேவனையும் விடுத்து மார்ஷலை மட்டும் புகழ்தல் நீதியன்று. மின்னியல் அறியாதவர் என அவரை ஒதுக்குதலும் நீதியன்று. இளைஞர் சொல்லைப் பெரிய வணிகர் செவிமடாத காலத்தில் அதனைக் கேட்டவர் அவரே. கேள்வி என்பதற்கு வினாவென்றும் கேட்டலென்றும் இருபொருள் உண்டு. இக்கருவியின் வரலாற்றில் அவ்விரண்டும் ஒருங்கே நிகழ்ந்தன.

ஆயினும் இவ்வரலாற்றில் ஒரு துயரும் உண்டு. மேலும் மேலும் ஓசை வேண்டிய பீற் ரவுண்சென்ட், பிற்காலத்தில் தம் செவிப்புலன் கெட்டமையை வெளிப்படையாகக் கூறி, செவியைப் பேணுமாறு இசைஞர்க்கு அறிவுறுத்தினார். அவருடைய செவி கெட்டமைக்குக் காரணம் எதுவாயினும், 100 உவாற்று அடுக்குகளின் முன் நாள்தோறும் நிற்பது செவிக்கு ஊறு விளைப்பதே. கேட்டலால் உருவான கருவி கேட்கும் ஆற்றலையே கெடுக்கவல்லதாயிற்று. 1975 ஆம் ஆண்டு வகையில் வந்த அச்சிறு குமிழ் இதனாலேயே சிறப்புடையது. ஓசையின் குணம் வேறு, ஓசையின் அளவு வேறு என அதுவே பிரித்துக் காட்டியது. உரத்த குரலே உயிருள்ள குரல் என மயங்கும் எவர்க்கும் இப்பாடம் பயன்படும்.